பிளாஸ்டிக் எங்கே கைநழுவுகிறது? வடசென்னையை வைத்து ஓர் எளிய விளக்கம்

பிளாஸ்டிக் மாசு என்று பேச்செடுத்தாலே, அது குப்பையைத் தெருவில் போடுகிறவர்களைத் திட்டுவதில்தான் போய் முடிகிறது. வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாயைக் கடந்து போகிற எவருக்கும் அந்தக் கோபம் வருவது இயல்புதான். கீழே தண்ணீர் ஓடுகிறது என்பதே தெரியாத அளவுக்குக் கவரும் தெர்மாகோலும் அடைத்துக்கொண்டிருக்கும் நாட்கள் உண்டு. ஆனால் அங்கே மிதப்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தப்பான விடைதான் கிடைக்கும். மிதக்காத பிளாஸ்டிக் நிறைய இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் இருக்கிறது. யாரும் தூக்கிப் போடாமலே மண்ணுக்கும் கடலுக்கும் போகிற பிளாஸ்டிக்கும் இருக்கிறது.

இதைப் பற்றி முதல்முறையாகப் படிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்வோம்: பிளாஸ்டிக் மனிதர்களின் கையைவிட்டு நழுவுவது எந்த இடத்தில்? வடசென்னையில் நின்றுகொண்டு இதைக் கேட்பது நல்லது. உலகம் முழுக்கப் பேசப்படும் மூலங்களில் ஏறக்குறைய எல்லாமே ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன. மீன் சந்தை, துறைமுகம், துணிக்கடை வீதி, பெட்ரோகெமிக்கல் ஆலைகள், கன்டெய்னர் லாரிகள், காயலான் கடைகள், ஊர்க்குப்பை வந்து சேரும் கொடுங்கையூர் என்று ஒன்றுவிடாமல் இங்கே உண்டு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிரித்தெடுக்கும் சின்ன மூலக்கூறுகளை, பூச்சரம் தொடுப்பதுபோல ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்தால் கிடைப்பதுதான் பிளாஸ்டிக். அந்தச் சரத்தின் கட்டு ரொம்ப உறுதியானது. வாழையிலையையும் மரத்தையும் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களால் அதை எளிதில் அறுக்க முடிவதில்லை. வெயிலும் உப்புக்காற்றும் உராய்வும் சேர்ந்து அதை உடைக்கும். ஆனால் உடைவது வேறு, மக்குவது வேறு. மொட்டைமாடியில் பல மாதம் கிடந்த கவரைக் கையில் எடுத்தால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்தான்; அளவு மட்டும்தான் சுருங்கியிருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒரே ஜாதியும் இல்லை. பால் கவரும் கேரி பேக்கும் பாலிஎத்திலீன். அரிசி மூட்டையின் வெள்ளைச் சாக்கு, கயிறு, நாற்காலி எல்லாம் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். இவை இரண்டும் தண்ணீரைவிட லேசு, அதனால் மிதக்கும். தண்ணீர் பாட்டில் பெட் (PET) வகை, மின்கம்பியின் மேலுறை பிவிசி, மீன்வலை நைலான். இவை மூன்றும் தண்ணீரைவிடக் கனம். மூடி போட்ட பாட்டில் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கிறது. மூடி கழன்று தண்ணீர் புகுந்துவிட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே கால்வாயில் நாம் பார்ப்பது மேலே இருப்பதை மட்டும். தூர்வாரும்போது இயந்திரம் அள்ளிக் கரையில் கொட்டுகிற கறுப்புச் சேற்றைப் பார்த்தால் மிச்சமும் தெரியும்.

உலக அளவில் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்வோம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 35 கோடி டன் பிளாஸ்டிக் கழிவானது. அதில் மறுசுழற்சியாகி மீண்டும் பொருளானது 9 சதவீதம்தான். ஏறத்தாழ 2.2 கோடி டன் நேராகச் சுற்றுச்சூழலில் கலந்தது. கழிவில் 40 சதவீதம் பொட்டலம் கட்டப் பயன்பட்ட பிளாஸ்டிக். அதாவது பொருளை வாங்கிப் பிரித்ததும் வேலை முடிந்துபோகிற பிளாஸ்டிக். அங்கிருந்தே தொடங்கலாம்.

விலை உள்ளதும் விலை இல்லாததும்

தண்டையார்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ ஒரு காயலான் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெட் பாட்டில் ஒரு மூட்டை, பால் கவர் ஒரு மூட்டை, உடைந்த பக்கெட்டும் குடமும் ஒரு குவியல் என்று தனித்தனியாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பல வீடுகளில் பால் கவரைக் கழுவி, சுவரில் ஒட்டவைத்தோ கொடியில் மாட்டியோ காயவைத்து, மாதக் கடைசியில் எடைக்குப் போடுவார்கள். இது பெரிய சுற்றுச்சூழல் இயக்கத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை. காசு வருகிறது, அதனால் சேர்த்து வைக்கிறார்கள். பாட்டில் தெருவில் விழுந்தாலும், குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர் யாராவது ஒருவர் மறுநாளைக்குள் எடுத்துவிடுவார்.

இப்போது அதே கடையில் இல்லாத பொருட்களை யோசித்துப் பாருங்கள். மிட்டாய்த் தாள், ஷாம்பு சாஷே, சிப்ஸ் உறை, குட்கா உறை, சாம்பார் கட்டிக் கொடுத்த கவர், ஸ்ட்ரா, பேப்பர் கப். இவற்றுக்கு விலை கிடையாது. கால்வாயில் நிறைந்து கிடப்பதும் இவைதான். எந்த பிளாஸ்டிக் தண்ணீருக்குப் போகும், எது போகாது என்று கேட்டால், அதைக் காயலான் கடைக்காரர் எடை போடுவாரா என்று பார்த்தாலே பெரும்பாலும் சரியான பதில் கிடைத்துவிடும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி.

சாஷேயை எடுத்துக்கொள்வோம். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைப் பரவலாக்கியதில் நம் கடலூர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் பொருள் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. ஆனால் ஒரு சாஷேயின் உறை ஒரே பொருளால் ஆனதல்ல. மேலே ஒரு பிளாஸ்டிக் ஏடு, நடுவில் அலுமினியப் படலமோ உலோகப் பூச்சோ, உள்ளே வேறொரு பிளாஸ்டிக் ஏடு. எல்லாவற்றையும் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். பொருள் கெடாமல் இருக்க அது தேவைப்படுகிறது. அதே காரணத்தால் அதைப் பிரித்து உருக்கி வேறு பொருள் செய்வது கட்டுப்படியாகாது. எடையும் இல்லை. ஒரு கிலோ சேர்க்க வேண்டுமானால் ஆயிரத்துக்கும் மேல் பொறுக்க வேண்டும். அப்படியே பொறுக்கினாலும் வாங்க ஆள் இல்லை. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. திரும்ப எடுக்க வழியே இல்லாத உறையைக் கோடிக்கணக்கில் சந்தைக்கு அனுப்பியவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஈரமும் எண்ணெயும் பட்டால் விலை உள்ளதுகூட விலையற்றதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டில் எத்தனை கறுப்புக் கவர்கள் கைமாறுகின்றன என்று பாருங்கள். சங்கராவும் எராவும் வாங்கி வந்த கவர் வீட்டுக்குப் போனதும் குப்பையாகிறது. மீன் கவுச்சியும் ரத்தமும் படிந்த அதைக் கழுவிச் சேர்த்து வைக்க யாருக்கும் தோன்றாது. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோவைப் பார்சல் வாங்கினால் வாழைத்தண்டு சூப்புக்குத் தனிக் கவர் வரும். இட்லிக் கடையில் சட்னிக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பத்து இருபது நிமிடத்துக்கு மேல் பயன்படாதவை. சாப்பாட்டு மிச்சத்தோடு குப்பையில் விழுந்தால் மாடும் நாயும் வாசனைக்கு இழுத்துக் கிழித்துத் தெருவெங்கும் பரப்பிவிடும். தூக்குவாளியும் கூடையும் எடுத்துப்போன பழக்கம் இங்கே அறவே அழிந்துவிடவில்லை. காசிமேட்டுக்கு எவர்சில்வர் தூக்கோடு வரும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் என்று தோற்றத்தில் தெரியாதவையும் சில உண்டு. தேநீர்க் கடை பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் டீ ஊறிக் கப் கையிலேயே பிய்ந்துவிடும். துணிக்கடையில் தரும், துணிபோலவே இருக்கிற கலர் பைகளில் பெரும்பாலானவை பாலிப்ரோப்பிலீன் இழையை அழுத்திச் செய்தவை, நூல் இல்லை. சிகரெட்டின் பஞ்சு பருத்திப் பஞ்சு அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இந்தத் துணிபோன்ற பையும்கூட இருக்கின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு மிகச் சிறிய பொருள். பால் கவரின் மூலையைக் கத்தரியால் வெட்டும்போது ஒரு முக்கோணத் துண்டு தனியாக விழும். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. சிங்க்கில் விழுந்து தண்ணீரோடு போகும், இல்லாவிட்டால் துடைப்பத்தோடு வாசலுக்குப் போகும். கவரின் மீதிப் பகுதி காயலான் கடைக்குப் போய் மறுபிறவி எடுக்கும்போது, இந்தத் துண்டு மட்டும் சாக்கடையில் தனியாகப் பயணம் போகிறது. மூலையை முழுக்க வெட்டாமல், துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் கீறினால் போதும், பால் நன்றாகவே வரும்.

தெருவிலிருந்து கடல் வரை

கவர் தெருவுக்கு வந்தது சரி. அது எப்படிக் கடலுக்குப் போகிறது? மழைநீர் வடிகால் வழியாக. கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் அப்படி இல்லை, நேராகக் கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். நடுவில் வடிகட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கோடை முழுக்கத் தெருவோரத்திலும் வடிகால் தொட்டியிலும் சேர்ந்ததை எல்லாம் ஐப்பசியின் முதல் பெருமழை ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போகும்.

ஒட்டேரி நல்லா என்ற ஓடை அண்ணா நகர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி, அயனாவரம், ஒட்டேரி, புளியந்தோப்பு வழியாக வந்து, பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. ஆக, புளியந்தோப்பில் ஓடைக்கரையில் குடியிருப்பவர் தினமும் பார்க்கும் குப்பையில் மேலே உள்ள பல பகுதிகளின் பங்கு இருக்கிறது. கரையில் வாழ்கிறவர்கள்தான் கொட்டுகிறார்கள் என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். குறுகிய சந்துகளில் மாநகராட்சியின் பேட்டரி வண்டி நுழைய முடியாது. தொட்டி நிறைந்து வழிந்தால், குப்பை போகிற இடம் ஓடைதான். அதை மறுக்கவில்லை. ஆனால் குப்பை எடுக்க வண்டி வராத தெருவையும், தினமும் வண்டி வந்தும் வெளியே வீசுகிற தெருவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பக்கிங்ஹாம் கால்வாயின் வடக்குப் பகுதி எண்ணூர் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. இந்தப் பாதை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை 2023 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவி, படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. எண்ணெய் என்பதால் நிறம் தெரிந்தது. பிளாஸ்டிக் அதே வழியில் ஒவ்வொரு மழைக்கும் போகிறது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி எரா பிடிக்கும் இருளர் மக்களின் விரலில் முதலில் சிக்குவது அதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். அதனால் எண்ணூரில் வெளியேறியது எண்ணூரோடு நின்றுவிடும் என்று தெற்கே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆற்று வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வு ஒன்று, அதில் 80 சதவீதத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகக் கணித்தது. பெரும்பங்கு ஏதோ பத்துப் பெரிய நதிகளுடையது என்று அதுவரை நம்பப்பட்டது. நகரங்களுக்கு நடுவே ஓடும் சின்ன ஆறுகளும் ஓடைகளும்தான் அளவுக்கு மிஞ்சிக் கொண்டுபோகின்றன என்று தெரிந்த பிறகு, ஒட்டேரி நல்லா போன்ற ஓடைகள் மேல் அக்கறை வந்திருக்க வேண்டும்.

சரி, ஒழுங்காகத் தொட்டியில் போட்டால் பிரச்சினை தீர்ந்ததா? சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. நகரின் வடக்கு, மத்தியப் பகுதிகளின் குப்பை, அம்பத்தூர், அண்ணா நகர் மண்டலங்களுடையது உட்பட, கொடுங்கையூருக்கு வருகிறது. ஏறத்தாழ 350 ஏக்கர் பரப்பு. பல பத்தாண்டுகளாகப் பிரிக்காமல் கொட்டியதால் அங்கே உணவுக்கழிவும் பிளாஸ்டிக்கும் மண்ணும் அடுக்கடுக்காக இறுகிப் போயிருக்கின்றன. இப்போது பயோமைனிங் என்ற முறையில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண்ணைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் எரியக்கூடிய பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. காற்றடித்தால் மேட்டிலிருந்து கவர் பறக்கும், மழை பெய்தால் ஊறல் நீரோடு துணுக்குகள் இறங்கும். ஊரெல்லாம் ஒழுங்காகத் தொட்டியில் போட்டதுதான் இப்படி எம்.கே.பி. நகர், கொடுங்கையூர் மக்களின் வாசலுக்கு வந்து சேர்கிறது.

எரிப்பதும் மாசுதான்

சேர்ந்த பிளாஸ்டிக்கைக் கொளுத்திவிட்டால் இடம் காலியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் எரியும்போது அது காணாமல் போவதில்லை; புகையாக, கரியாக, பாதி உருகிய கட்டியாக மாறுகிறது. 2024-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியான ஆய்வின்படி, எரிப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு உலகில் சுமார் 5.2 கோடி டன் பிளாஸ்டிக் கட்டுப்பாடில்லாமல் சூழலில் கலக்கிறது. அதில் இந்தியாவின் பங்கு சுமார் 93 லட்சம் டன். அந்த 93 லட்சத்தில் பாதிக்கும் மேல் திறந்தவெளியில் எரிக்கப்பட்டது. போகி அன்று விடியற்காலை டயரும் பழைய பிளாஸ்டிக்கும் எரிகிற நெடி எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமானது, செம்புக்காக மின்கம்பியைக் கொளுத்துவது. மேலுறையான பிவிசி-யில் குளோரின் இருப்பதால், எரியும்போது டையாக்சின் போன்ற கொடிய நச்சு உண்டாகிறது. கம்பியை எரிக்கிறவரின் நுரையீரலுக்குத்தான் அது முதலில் போகிறது.

கடலிலேயே நழுவுவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காசிமேடு துறைமுகத்துக்குள் போனால், படகுகளுக்குப் பக்கத்தில் வலையைப் பரப்பிப்போட்டு உட்கார்ந்து பழுது பார்ப்பவர்களைக் காணலாம். கிழிந்த கண்ணியை வெட்டி எறிந்துவிட்டுப் புது நைலானில் பின்னுவார்கள். வெட்டின துண்டுகள் விரல்நீள நூல்களாகத் தரையெங்கும் கிடக்கும். பச்சை, நீலம், வெள்ளை. கூடவே பழைய கயிற்றின் பிசிறுகள், உடைந்த மிதவை, தெர்மாகோல் பெட்டியின் துணுக்கு. துறைமுகத்தின் ஓரத்து நீரில் அதிகம் மிதப்பது தெர்மாகோல்தான். ஐஸ் போட்டு மீன் அனுப்பும் பெட்டி உடைந்தால் ஆயிரம் வெள்ளை மணிகளாகச் சிதறும். அதைத் திரும்பப் பொறுக்கி எடுக்கவே முடியாது.

ஒரு காலத்தில் வலை பருத்தி நூலில் இருந்தது. அது மக்கும், அதனால்தான் அடிக்கடி சாயம் காய்ச்சி முக்கிக் காயவைத்தார்கள். நைலான் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. மெல்லிய நைலான் இழையில் பின்னிய நரம்பு வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, எடை குறைவு, பல மடங்கு உழைக்கும். ஆனால் பாறையிலோ, மூழ்கிய பொருளிலோ சிக்கி அறுந்துபோனால், மனிதர் இல்லாமலே அது மீன்பிடித்துக்கொண்டே இருக்கும். ஆமையும் நண்டும் சுறாக்குட்டியும் அதில் மாட்டிச் சாகும். பசிபிக் பெருங்கடலில் பெரிதாகச் சுழன்றுகொண்டிருக்கும் குப்பைத் திட்டைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, அதன் எடையில் 46 சதவீதம் மீன்வலைகள் என்று கணித்தது.

இதைப் படித்ததும் மீனவர்கள்மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. வலை விலை அதிகம், யாரும் ஆசைப்பட்டுக் கடலில் விடுவதில்லை. பிளாஸ்டிக்கால் அன்றாடம் நஷ்டப்படுகிறவர்களும் அவர்களே. மிதக்கும் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். வலையை ஏற்றினால் மீனோடு கவரும் வரும், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். கிழிந்த வலையைக் கொடுக்க ஓர் இடமும் கைக்கு ஒரு காசும் கிடைத்தால் அது கடலுக்குப் போகாது. காயலான் கடைக் கணக்கு இங்கேயும் பொருந்தும். பழைய வலைகளைச் சேகரிக்கும் மையம் ஒன்றைக் காசிமேட்டில் 2024-இல் அரசு தொடங்கியது சரியான வேலை. மற்ற குப்பங்களுக்கும் அது வர வேண்டும்.

கடலில் நழுவும் இன்னொன்று, பொருளாக மாறுவதற்கு முந்தைய பிளாஸ்டிக். குடமோ நாற்காலியோ செய்வதற்கு முன்னால் பிளாஸ்டிக் பருப்பளவு குருணைகளாக 25 கிலோ மூட்டைகளில் வருகிறது. ஆலையிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து கன்டெய்னருக்கும், துறைமுகத்திலிருந்து மோல்டிங் பட்டறைக்கும் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் மூட்டை கிழிந்து கொஞ்சம் கொட்டும். கூட்டித் தள்ளினால் வடிகாலுக்குள் போய்விடும். கப்பல் விபத்து நேர்ந்தால் கொஞ்சம் என்பது டன் கணக்காகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. இலங்கையின் மேற்குக் கரையில் மணலே தெரியாமல் வெள்ளைக் குருணை ஒதுங்கியது. 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது குருணை கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்தது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் வரிசையாக இருக்கும் கரை நம்முடையது. மீன் முட்டை அளவில் இருக்கும் குருணையை மீனும் பறவையும் இரை என்று விழுங்கும். அந்தக் கூட்டித் தள்ளுகிற இடங்களில் ஒரு வடிகட்டிச் சல்லடை இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

தேய்வதில் பிறப்பது

இதுவரை சொன்னதெல்லாம் விழுவது, கொட்டுவது, அறுந்துபோவது. இனி வருவது தேய்வது. பயன்படுத்தினாலே போதும், மாசு உண்டாகிவிடும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அதிக வியப்பைத் தருவது இதுதான்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் இரவும் பகலும் நகர்ந்துகொண்டே இருக்கும். டயரில் இயற்கை ரப்பரோடு, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரும் பெரும்பங்கு உண்டு. புது டயரையும் மொட்டையான டயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது டயரின் மேல் வரிவரியாக இருக்கும் அந்தப் பூக்கள் எங்கே போயின? கறுப்புத் தூளாகச் சாலையில் போயின. சாலையோர வீடுகளில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணியில் ஒட்டும் கரியில் டீசல் புகைக்கரியோடு இந்தத் தூளும் சேர்ந்தே இருக்கிறது. மழை வந்தால் வடிகால், கால்வாய், கடல். பாரம் அதிகமானால் தேய்மானம் அதிகம், பிரேக் அடிக்கடி போட்டால் இன்னும் அதிகம். துறைமுக வாயிலுக்கு வெளியே வரிசையில் நின்று நின்று நகரும் லாரிகளுக்கு இரண்டுமே உண்டு.

அடுத்தது துணி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன்னால் மலைபோலக் குவியும் சேலை, நைட்டி, சுடிதார், பனியன் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பாலியஸ்டரோ பாலியஸ்டர் கலந்ததோதான். உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்றைக்கு பாலியஸ்டர். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருளை நூலாக இழுத்தால் பாலியஸ்டர் துணி. துவைக்கும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் பிரிகின்றன. பிரிட்டனில் 2016-இல் நடந்த ஓர் ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று கணித்தார்கள். வீட்டுக் கழிவுநீர் கொடுங்கையூரில் இருப்பது போன்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் இழைகளில் பெரும்பகுதி அங்கே சேற்றோடு படிந்துவிடும். கழிவுநீர் இணைப்பு இல்லாத வீடுகளிலிருந்து நேராகக் கால்வாய்க்குப் போகும். ஆகவே பாதாளச் சாக்கடை இணைப்புக்காகப் போராடுகிற தெருக்காரர்கள் பிளாஸ்டிக் மாசையும் சேர்த்தே தடுக்கிறார்கள்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, நுண்துகளாகவே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் செயற்கைத் துணிகளிலிருந்தும், 28 சதவீதம் டயர்களிலிருந்தும், 24 சதவீதம் நகரத்துப் புழுதியிலிருந்தும் வருவதாக மதிப்பிட்டது. செருப்பின் அடிப்பாகம் தேய்வது, செயற்கைப் புல்தரை, கட்டடங்களின் பெயிண்ட் உதிர்வது எல்லாம் அந்தப் புழுதிக் கணக்கில் வரும். பெயிண்டிலும் பிளாஸ்டிக் பிசின் இருக்கிறது. படகைக் கரையேற்றி, அடிப்பக்கத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கீழே ஒரு தார்ப்பாயை விரித்துக்கொண்டால் அந்தச் சுரண்டல் கடலுக்குப் போகாமல் தடுத்துவிடலாம்.

யார் கணக்கில்?

மஞ்சப்பைத் திட்டத்தை 2021 டிசம்பரில் அரசு தொடங்கியது. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் சில வகை பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது. கேரி பேக்கின் தடிமன் 120 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) குறையக் கூடாது என்ற விதி 2022 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. தடிமன் கூடினால் எடை கூடும், எடை இருந்தால் பொறுக்குகிறவருக்குக் காசு கிடைக்கும். விதியின் நோக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் மஞ்சப்பையால் கேரி பேக்கைத்தான் நிறுத்த முடியும். சாஷே, டயர் தூள், குருணை எதையும் அது தொடாது.

சாஷே, பிஸ்கட், சிப்ஸ் உறைகளுக்கு வேறு சட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. 2022-இல் சேர்த்த வழிகாட்டுதலின்படி, உறையைச் சந்தையில் விடும் நிறுவனமே அந்த அளவு பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். இதற்காக நிறுவனங்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்கின்றன. கையில் இருக்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பல உறைகளில் அந்தப் பதிவு எண் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஆனால் தான் விற்ற உறையையே, விற்ற ஊரிலேயே எடுக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. அதே வகை பிளாஸ்டிக்கை நாட்டின் எந்த மூலையில் சேகரித்தாலும், சேகரித்த வேறொருவரிடமிருந்து சான்றை விலைக்கு வாங்கினாலும் கணக்கு நேராகிவிடும். வியாசர்பாடிக் கடையில் விற்ற சாஷே கேப்டன் காட்டன் கால்வாயிலேயே கிடக்க, தாளில் அது சேகரிக்கப்பட்டதாகிவிட முடியும். எடைக்கு எடுக்க ஆள் இல்லாத இந்த உறைகளுக்கு ஒவ்வொரு வார்டிலும் ஒரு விலை வைத்து, அந்தப் பணத்தை நிறுவனங்கள் தர வேண்டும், வாங்குகிற வேலையை இங்கே ஏற்கெனவே இருக்கும் காயலான் கடைகளிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கலாம். வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சிப் பகுதி சபைக் கூட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது.